1,18,000 கிலோமீட்டரில் டைமிங் செயின் மாற்றிய அனுபவம்

என்னுடையது 2012-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். "இதில் பெல்ட் இல்லை சார், செயின். இன்ஜின் உள்ளவரை இருக்கும்" என்று வாங்கும்போது சொன்னார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைத்துப் பொருந்திச் சுற்றவைக்கும் டைமிங் செயினைத்தான் சொன்னார்கள். பத்து வருஷம் அதை நம்பினேன்.

1,14,000 கிலோமீட்டர் வாக்கில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இன்ஜின் பக்கவாட்டில் கடகடவென்று ஒரு சத்தம். இரண்டு விநாடியில் அடங்கிவிடும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி நாலு மாதம் ஓட்டிவிட்டேன். அப்புறம் சத்தம் ஐந்தாறு விநாடி நீண்டது, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் வந்த கோடு பி0016. கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்திச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

ஈரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் உடனே பிரிக்கவில்லை. மட்டமான ஃபில்டர் இருந்தாலும் ராத்திரியில் ஆயில் வடிந்து இதே சத்தம் வருமாம். நல்ல ஃபில்டரும் புது ஆயிலும் போட்டுப் பார்த்தோம். ஒரு வாரம் குறைந்த சத்தம் திரும்பி வந்தது. சரி, இனி பிரித்தே ஆகவேண்டும் என்றார்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் அழுக்கானாலோ குறைந்தாலோ செயின் கண்ணிகளில் உள்ள பின்கள் தேய்ந்து, மொத்த நீளமும் கூடிவிடும். கழற்றிய பழைய செயினைப் புதியதோடு சேர்த்துத் தொங்கவிட்டுக் காட்டினார். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. டென்ஷனர் முழுக்க வெளியே நீண்டு நின்றது. செயின் விலகாமல் தாங்கும் பிளாஸ்டிக் கைடில் செயின் அறுத்த பள்ளம். கொரோனா சமயத்தில் வண்டி ஓடவில்லையே என்று ஒன்றரை வருஷம் ஆயில் மாற்றாமல் விட்டேன். தேய்மானத்துக்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

"இன்னும் ஓட்டியிருந்தா செயின் பல்லு தாண்டியிருக்கும் தம்பி, பிஸ்டன் வால்வை அடிச்சிருக்கும்" என்றார். அப்படி ஆனால் ஹெட்டையே இறக்க வேண்டும், செலவு பல மடங்கு.

செயின், டென்ஷனர், இரண்டு கைடு, ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல் சக்கரம்), முன்பக்க ஆயில் சீல் எல்லாம் சேர்த்து மாற்றினோம். கூலியோடு 16,500 ரூபாய், இரண்டு நாள் வேலை. செயினை மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினும் சீக்கிரம் தேயும். மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தார். அந்த நிதானத்துக்காகவே அவரிடம் போகிறேன்.

இப்போது 1,46,000 தாண்டிவிட்டது. ஆயிலை 7,500 கிலோமீட்டரிலோ ஒரு வருஷத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். மாதம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கிறேன். காலை ஸ்டார்ட்டில் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கேட்கிறேன். இதுவரை சத்தம் இல்லை.