குவில்ட்டுக்கு ஏற்ற நூல்: பினாங்கு வீட்டில் பல ஆண்டுச் சலவைக்குப் பிறகு

ஒரு நூல் நல்லதா இல்லையா என்பதை அது மிஷினில் ஓடும் அழகைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதில் தைத்த குவில்ட் (துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே மெல்லிய பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) பல சலவைகளைக் கண்ட பிறகே சொல்ல முடியும் என்பது என் கருத்து. பினாங்கின் வெக்கையில் குவில்ட்டைக் குளிருக்காக யாரும் போர்த்துவதில்லை. குளிர்சாதனம் ஓடும் அறையில் அது காலடியில் கிடக்கும், குழந்தைகள் அதைத் தரையில் விரித்து விளையாடுவார்கள், மதியத் தூக்கத்துக்குச் சோபாவில் யாராவது இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். வியர்வை படிவதால், குளிர்நாடுகளில் அரிதாகத் துவைக்கும் ஒரு பொருளை நாம் சட்டை துணியோடு சேர்த்து அடிக்கடி சலவை மிஷினில் போடுகிறோம். எங்கள் வீட்டில் புழங்கும் குவில்ட்டுகளை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நூலால் தைத்திருப்பதால், எது தாங்கியது, எது தளர்ந்தது என்பதைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய தையல் சாமான் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரிய கூம்பில் சுற்றிய பாலியஸ்டர் நூலைத்தான். மலாய்ப் பெண்களின் உடையான பாஜு கூரோங்கும் ரவிக்கையும் தைக்கிற தையற்காரர்கள் எல்லாரும் பயன்படுத்துவது அதுவே, விலையும் மலிவு. "இதையே போட்டுத் தைங்கக்கா, துணி கிழிஞ்சாலும் நூல் அறாது" என்று கடைக்காரத் தம்பி சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் குவில்ட்டைப் பொறுத்தவரை அதுவே அந்த நூலின் குறையும்கூட. பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியைக் கத்திபோல் அறுத்துவிடும் என்று சிலர் அஞ்சுவதை நான் முழுவதும் ஏற்கவில்லை. இருந்தாலும் மென்மையாகத் தேய்ந்த பழைய பருத்திச் சேலைத் துண்டுகளை அந்த நூலால் இணைத்த ஒரு போர்வையில், இழுவிசை தாங்காமல் விட்டுக்கொடுத்தது நூல் அல்ல, தையலை ஒட்டிய துணி. அறுந்த நூலைப் பிரித்து மறுபடி ஓட்டிவிடலாம், கிழிந்த துணித்துண்டை மாற்றுவதென்றால் மூன்று அடுக்கையும் பிரிக்க வேண்டும். நூல் துணியைவிடச் சற்றே வலு குறைந்ததாக இருப்பது நல்லது என்று பழைய கைகள் சொல்வதன் பொருள் இதுதான். பாலியஸ்டருக்கு இன்னொரு குணமும் உண்டு: டென்ஷன் (மிஷின் நூலைப் பிடிக்கும் இறுக்கம்) அதிகமாக இருந்தால் தைக்கும்போது நீண்டு, பிறகு சுருங்கித் தையல் நெடுக மெல்லிய சுருக்கங்களை விட்டுச் செல்கிறது. இஸ்திரி போட்டால் அவை மறைகின்றன, துவைத்தால் திரும்பி வருகின்றன.

ஆகவே துண்டுகளை இணைப்பதற்கு இப்போது நான் பருத்தி நூலைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை. பருத்தி இழை ஈரத்தில் வலுவிழக்காமல் முன்னைவிட வலுப்பெறும் இயல்புடையது; ரேயான் இதற்கு நேர்மாறாக நனைந்தவுடன் வலுவிழக்கும். பளபளப்புக்கு மயங்கி ரேயான் எம்பிராய்டரி நூலால் குவில்ட்டிங் செய்பவர்கள், அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பவர்கள், அடிக்கடி துவைக்கப்படும் போர்வையில் அதைப் போடாமல் சுவரில் மாட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பருத்தி நூல் வாங்கும்போது கண்டின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எண் கூடக்கூட நூல் மெலிதாகும் என்பது பொதுவிதி. ஆனால் எத்தனை புரிகளை முறுக்கி அந்த நூல் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மிலான் நகரத்து ஆரிஃபில் நிறுவனத்தின் 50 ஆம் எண் நூல் இரு புரி. சுவிட்சர்லாந்தில் தோன்றிய மெட்லரின் 50 ஆம் எண் சில்க் ஃபினிஷ் பருத்தி நூல் மூன்று புரி. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் விரல் நுனியில் உருட்டினால் மெட்லர் தடிமனாக இருப்பது உடனே தெரியும். 1000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்லும் டெக்ஸ் அளவு அச்சிட்டிருந்தால் அதைக் கொண்டு ஒப்பிடுவதே நம்பகமானது.

இந்தச் சிறு தடிமன் ஏன் பொருட்படுத்தத் தக்கது என்றால், குவில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. துணியைத் திருப்பி மடிக்கும் இடத்தில் நூல் தடித்திருந்தால் அந்த மடிப்பு நூலின் மேல் ஏறி இறங்கி, துண்டு ஒரு மயிரிழை குறுகிவிடும். ஒரே வரிசையில் எட்டுத் தையல் வரும் ஒரு சதுரக் கட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் போனால் முடிவில் 8 மில்லிமீட்டர் குறையும். பக்கத்துக் கட்டத்தின் முனை இந்தக் கட்டத்தின் முனையோடு சேராது. அதனால்தான் இணைப்புக்கு இரு புரி 50 ஐயே விரும்புகிறேன். ஆரிஃபிலின் பெரிய கண்டு 1300 மீட்டர் என்பதால் விலையைக் கேட்டவுடன் தயங்கினாலும், மீட்டர் கணக்கில் பார்த்தால் அது அவ்வளவு சுமையாக இல்லை. நீளிழைப் பருத்தி என்பதால் பாபின் பெட்டிக்குள் சேரும் பஞ்சுத் தூசியும் குறைவு. மலிவான குட்டையிழைப் பருத்தி நூலில் தைத்த நாட்களில் ஊசித்தட்டைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள் திரண்டிருக்கும். ஈரக் காற்றில் அது துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டு, தூரிகைக்கு வராமல் இடுக்கியால் எடுக்கும்படி ஆகிவிடும்.

மெர்சரைஸ் செய்த நூலுக்கு நான் முன்னுரிமை தருகிறேன். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை பருத்து வலுவும் சாயப் பிடிப்பும் கூடுகிறது என்பதை 1844 இல் ஜான் மெர்சர் கண்டறிந்ததிலிருந்து வந்த முறை இது. நம் ஊர் வெயிலில் உலர்த்தும் போர்வைகளில் நிறம் நெடுநாள் மங்காமல் இருந்தது பெரும்பாலும் இந்த வகை நூலில்தான்.

மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணியின் துண்டுகளைச் சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாத்தேக் சட்டை தைத்து மீந்த துண்டுகள் எப்போதும் இருக்கும். மெழுகும் சாயமும் தெளிவாகப் பதிவதற்காக நெருக்கமாக நெய்த துணியில் அது செய்யப்படுவதால், சாதாரண ஊசி அதில் இறங்கும்போது 'டப்' என்று ஒலி கேட்கும், தையல் தாவும். முனை மிகக் கூர்மையான 70 அல்லது 80 எண் மைக்ரோடெக்ஸ் ஊசியைப் போட்ட பிறகு அந்தத் தொல்லை நின்றது. தைப்பதற்கு முன் வெள்ளைத் துண்டுத் துணியோடு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருஞ்சிவப்பு நூலையும் அதே போலச் சோதிக்கலாம்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குவில்ட்டிங்குக்கு வரும்போது என் விதி சற்றுத் தளர்கிறது. அங்கே நூல் கண்ணுக்குத் தெரிகிறது, கோலம்போல் அதுவே வடிவமாகவும் இருக்கிறது. 40 ஆம் எண் பருத்தி நூலும் காது பெரிதான 90 எண் டாப்ஸ்டிட்ச் ஊசியும் என் நேர்கோட்டுக் குவில்ட்டிங்குக்கு இன்றுவரை பொருந்தி வந்திருக்கின்றன. அடுக்குகளை மேலும் கீழும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தைப் போட்டால் தையல் நீளத்தை இணைப்புக்கு வைக்கும் 2 மில்லிமீட்டரிலிருந்து 3 வரை கூட்டிவிடுகிறேன். கைக்குவில்ட்டிங்குக்கென்று மெருகு பூசி விற்கும் நூலை மட்டும் மிஷினில் ஏற்றக் கூடாது, அந்தப் பூச்சு டென்ஷன் தட்டுகளில் உரிந்து படிந்துவிடும். உள்ளே வைக்கும் பேட்டிங், அதாவது நடுப் பஞ்சு அடுக்கு, மெல்லிய பருத்தியாக இருப்பதே இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. முதல் சலவையில் அது சிறிது சுருங்குவதால் மேல்துணி லேசாகச் சுருங்கிப் பழமையான தோற்றம் பெறும். அதை விரும்பாதவர்கள் பேட்டிங்கை முன்பே நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

குவில்ட்டின் ஆயுளை நூலைவிட அதிகமாகத் தீர்மானிப்பது ஓரப்பட்டி என்று இப்போது நினைக்கிறேன். என் போர்வைகளில் முதலில் நைந்தது எப்போதும் ஓரத்தின் மடிப்புக் கோடுதான். 2½ அங்குலப் பட்டையை இரட்டையாக மடித்துத் தைத்தால் அந்த இடத்தில் இரண்டு அடுக்குத் துணி வரும் என்பதால் ஒற்றைப் பட்டையை நான் கைவிட்டேன். பட்டை எத்தனை வெட்ட வேண்டும் என்ற கணக்கில் பலர் குறைத்துவிடுகிறார்கள். 60க்கு 80 அங்குலக் குவில்ட்டின் சுற்றளவு 280. மூலை திருப்பவும் கடைசி இணைப்புக்கும் 12 சேர்த்தால் 292. துணியின் பயனுள்ள அகலம் 42 அங்குலம் என்றால் ஏழு பட்டைகள் 294 ஆகிறதே, போதும் என்று தோன்றும். ஆனால் சாய்வாக இணைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பட்டையின் அகலமளவு, அதாவது 2½ அங்குலம் போய்விடும். ஆறு இணைப்புகளுக்கு 15 கழித்தால் 279தான் மிஞ்சும். எட்டுப் பட்டை வெட்டுவதே சரி, அதற்கு 20 அங்குலத் துணி வேண்டும். நேராக இணைத்தால் துணி மிச்சமாகும், ஆனால் ஒரே இடத்தில் எல்லா மடிப்பும் குவிந்து புடைப்பாகி, அந்தப் புடைப்பே முதலில் தேயும்.

மூலையில் கால் அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டையை மேலே திருப்பி மறுபடி கீழே மடித்தால் சதுர மூலை தானாக அமையும். பின்பக்கத்தை ஹெம்மிங் தையலால் கையில் முடிப்பதுதான் அழகு. முடிச்சைப் பேட்டிங்குக்குள் இழுத்து மறைத்துவிட்டால் பிரியாது. குழந்தைகள் இழுத்துப் புரளும் போர்வைக்கு மட்டும் மிஷினிலேயே முடித்துவிடுகிறேன், கைத்தையல் அந்தச் சலவைக்கு ஈடுகொடுப்பதில்லை என்பதைப் பார்த்துவிட்டேன். மென்மையான கைத்தையலுக்கும் அதே இரு புரி 50 பருத்தியே போதும்.

நூல்களை அலங்காரமாகச் சன்னலோரத் தாங்கியில் அடுக்கி வைப்பது இங்கே சரிப்படாது. வெயில் படும் பக்கம் நிறம் வெளிறி நூலும் நொறுங்கும், மழை மாதங்களில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நெடுநாள் கிடந்த கண்டு என்றால் ஓர் அடி நூலை இரு கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறேன். எளிதில் அறுந்தால் அது தற்காலிக நூலோட்டத்துக்குப் போகும். நிறங்களைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்குபவர் இளஞ்சாம்பல் ஒன்றும் மங்கலான சந்தன நிறம் ஒன்றும் வாங்கினால் பெரும்பாலான இணைப்புகளுக்கு அவை போதும். கறுப்பும் கருநீலமும் மிகுந்த பாத்தேக் துண்டுகளைச் சேர்க்கும்போது மட்டும் இன்னொரு அடர்நிறக் கண்டு தேவைப்படும்.