ஓல்ட் வெலிங்டனா, ஓல்ட் கிரவுனா?

இங்கிலாந்தில் மதுக்கூடமாகிவிட்ட பழைய மரச்சட்ட வீடுகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், என் ஓட்டு பர்மிங்காம் ஓல்ட் கிரவுனுக்கே.

மான்செஸ்டரின் ஓல்ட் வெலிங்டன் 1552இல் கட்டியது. மேல்மாடி பிறகு சேர்ந்தது; மதுக்கடை உரிமம் 1830இல்தான். 1970களில் கட்டடத்தையே 1.4 மீட்டர் உயர்த்தினார்கள். 1996 குண்டுவெடிப்புக்குப் பின் பிரித்தெடுத்து, சுமார் 300 மீட்டர் தள்ளி, கதீட்ரல் அருகே மறுபடி எழுப்பினார்கள். மரவீடு என்பதால்தான் இது முடிந்தது: ஒரு மரத்தின் துளையில் இன்னொன்றின் கழுந்தை, அதாவது செதுக்கிய முனையை, செருகி மரமுளை அடித்த மூட்டுகள். முளையைத் தட்டி எடுத்தால் சட்டம் கழன்றுவிடும். சுமையைத் தாங்குவது சட்டம்தான். இடையிலுள்ள சுவர் வெறும் அடைப்பு. அபாரமான வேலை! ஆனால் சுற்றியிருந்த பழைய தெரு போனது போனதுதான்.

ஓல்ட் கிரவுன் பர்மிங்காமின் டெரிட்டெண்ட் பகுதியை விட்டு நகரவில்லை. 1368இல் கட்டியது என்று சொல்வதுண்டு. இப்போதுள்ள கட்டடம் சுமார் 1500ஐ ஒட்டியது என்பதே நம்பத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் இதை இரண்டாக, பிறகு மூன்று வீடுகளாகப் பிரித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மாநகராட்சி இடிக்க முனைந்தபோதெல்லாம் வழக்கறிஞர் ஜோஷுவா டூல்மின் ஸ்மித் மல்லுக்கட்டித் தடுத்தார். தெருப்பக்கம் துருத்தி நிற்கும் மாடியை எதிர்ச்சாரியிலிருந்து பாருங்கள், பிறகு உள்ளே போகலாம்.