கோப்பு மேலாளருக்குள் ஒரு பிடிஎஃப் செருகுநிரல்: நான்கு ஆண்டுகளில் கண்டவை

ஸ்கேனரிலிருந்து வரும் பிடிஎஃப் கோப்புகளைப் பிரித்து, பெயரிட்டு, உரிய கோப்புறையில் சேர்ப்பது என் அன்றாட வேலை. அந்தக் கோப்புகளுக்கு எண்களே பெயர் என்பதால், முதல் பக்கத்தைப் பார்க்காமல் எது எந்த ஆவணம் என்று சொல்ல இயலாது. ஒவ்வொன்றையும் தனி மென்பொருளில் திறந்து மூடுவதில் பாதி நாள் கழிந்ததால்தான், டோட்டல் கமாண்டர் என்ற கோப்பு மேலாளருக்குள்ளேயே பிடிஎஃப் காட்டும் செருகுநிரலை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரலை, நிறுவினேன். கண்ட்ரோல், க்யூ இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அருகருகே உள்ள இரு கோப்புப் பலகங்களில் எதிர்ப் பலகம் பார்வைப் பலகமாக மாறும்; அம்புக்குறி விசையால் அடுத்த கோப்புக்கு நகர்ந்தால் அதன் முதல் பக்கம் உடனே தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே நான்கு ஆண்டுகளாக இதை விடாமல் பயன்படுத்துகிறேன்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செருகுநிரலின் ஜிப் கோப்பின்மீது என்டர் விசையை அழுத்தினால், நிறுவலாமா என்று கோப்பு மேலாளரே கேட்கும்; ஒப்புக்கொண்டால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நிறுவல் முடிந்தது என்ற செய்தி வந்தும், பலகத்தில் பக்கத்துக்குப் பதிலாகப் பொருள் புரியாத எழுத்துக்குவியலே தெரிந்தது. இரண்டு முறை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. காரணம் எளியது: என் கோப்பு மேலாளர் 64 பிட், நான் எடுத்த செருகுநிரலோ 32 பிட் மட்டுமே. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் நூலகத்தை, அதாவது செருகுநிரல் போன்ற துணை நிரல்தொகுப்பை, ஏற்ற விண்டோஸ் அனுமதிக்காது. டோட்டல் கமாண்டருக்கான பார்வைச் செருகுநிரலின் பின்னொட்டு டபிள்யூஎல்எக்ஸ் என்று மட்டும் இருந்தால் அது 32 பிட். இறுதியில் 64 என்ற எண்ணும் சேர்ந்திருந்தால் 64 பிட். பதிவிறக்கியதும் ஜிப்புக்குள் இதைப் பார்த்துவிடுவது இப்போது என் முதல் வேலை.

அடுத்து வந்த சிக்கல் இதைவிட நுட்பமானது. சரியான செருகுநிரல் இருந்தும் சில நாட்களில் பக்கம் தெரிந்தது, சில நாட்களில் வெற்று வெள்ளைச் சாளரம் மட்டும் வந்தது. அந்தச் செருகுநிரலுக்குப் பக்கத்தை வரையும் திறன் சொந்தமாக இல்லை என்பதும், கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த பிடிஎஃப் வாசிப்பானின் ஆக்டிவ்எக்ஸ் கூறை (பிற நிரல்களும் பயன்படுத்தக்கூடிய நிரல்பகுதியை) இரவல் வாங்கியே அது காட்டுகிறது என்பதும் பின்னர்தான் தெரிந்தது. வாசிப்பான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இங்கே ஏதோ ஒன்று உடைந்தது. ஆகவே வரையும் பொறியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் வேறொரு செருகுநிரலுக்கு மாறினேன். அச்சிடும் வசதியும் குறிப்பெழுதும் வசதியும் அதில் குறைவுதான். ஆனால் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருக்கும் கருவியில் அவற்றை நான் எதிர்பார்க்கவில்லை.

மாறிய பின்னும் பழைய வெள்ளைச் சாளரமே வந்தது. வின்சிஎம்டி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, பார்வைச் செருகுநிரல்களுக்கான பகுதியைப் பார்த்தபோது விடை கிடைத்தது. அங்கே ஒவ்வொரு செருகுநிரலுக்கும் 0, 1, 2 என்று எண்ணும், எந்த வகைக் கோப்புக்கு அது பொறுப்பு என்ற வரியும் இருக்கும். கோப்பு மேலாளர் அந்த வரிசையில்தான் ஒவ்வொன்றையும் கேட்கிறது. முதலில் ஒப்புக்கொள்வதே கோப்பைக் காட்டுகிறது. பழையது 0 என்ற இடத்திலும் புதியது 3 என்ற இடத்திலும் இருந்தன. அமைப்புச் சாளரத்தில் புதியதை மேலே நகர்த்திய அக்கணமே பக்கம் தெளிவாக வந்தது. பழையதை அன்றே முழுவதுமாக நீக்கிவிட்டேன். ஒரே வகைக் கோப்புக்கு இரண்டு செருகுநிரல்கள் இருந்தால், கோளாறு எதில் என்று கண்டறிவதே பெரும்பாடு.

செருகுநிரலைக் குறை சொல்லுமுன் கோப்பையும் சோதிக்க வேண்டும் என்பதை ஒரு நிகழ்வு உணர்த்தியது. ஒரு நாள் ஒரே கோப்புறையில் இருந்த ஆறு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. எஃப்3 அழுத்தி, பார்வைச் சாளரத்தின் பட்டியலில் உரை மட்டும் என்ற முறைக்கு மாற்றிப் பார்த்தேன். முறையான கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் பதிப்பு எண்ணும் இருக்கும். இந்த ஆறிலும் அவற்றுக்குப் பதிலாக இணையப் பக்கங்களுக்குரிய ஹெச்டிஎம்எல் குறிகள் இருந்தன. பதிவிறக்கம் தோற்றுப்போய், பிழைச்செய்திப் பக்கமே பிடிஎஃப் என்ற பின்னொட்டோடு சேமிக்கப்பட்டிருந்தது. தொடக்கம் சரியாக இருந்து இறுதி அறுந்துபோன கோப்புகளும் உண்டு. பக்கம், எழுத்துரு, படம் போன்ற எந்தக் கூறு கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைச் சுட்டும் குறிப்பு பொதுவாகக் கடைசியில்தான் இருக்கும் என்பதால், வால் அறுந்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போகக்கூடும்.

கோப்பைப் பெயர் மாற்றும்போது, வேறொரு நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்ற மறுப்பு அடிக்கடி வந்தது. அந்த வேறொரு நிரல் எதிர்ப் பலகத்தில் அதே கோப்பைத் திறந்து வைத்திருந்த செருகுநிரலேதான். முதல் பக்கத்தைப் படித்து, பெயரை மனத்தில் கொண்டு, கண்ட்ரோல் க்யூவால் பலகத்தை மூடிவிட்டுப் பெயர் மாற்றுவது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது. சில செருகுநிரல்கள் விசைப்பலகையின் கவனத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த கோப்புக்குப் போகாமல் பக்கம் மட்டும் உருளும். என் வேலைக்கு இது மிகப் பெரிய குறை. ஆகவே எதைப் புதிதாக நிறுவினாலும் படத்தின் தெளிவுக்கு முன்னால் இதைத்தான் சோதிக்கிறேன்.

இன்னும் தீராதது ஒன்றுண்டு. எக்ஸ்எஃப்ஏ என்ற தனிப் படிவ முறையில் அமைந்த நிரப்பும் படிவங்கள் என் செருகுநிரலில் திறப்பதில்லை. காத்திருக்கச் சொல்லும் ஒற்றைப் பக்கம் மட்டும் தோன்றி அப்படியே நிற்கும். 2017இல் வெளிவந்த பிடிஎஃப் 2.0 தரநிலை இம்முறையைக் கைவிடத்தக்கது என்று அறிவித்துவிட்டாலும், பழைய படிவங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கி வைத்து, நாளின் முடிவில் முழு வாசிப்பானில் திறந்து பெயரிடுகிறேன்.