வயிறு கட்டிய தங்கமீனுக்கு மஞ்சள் பாட்டில்: டவுனில் மீன் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

மல்லாந்து மிதக்கும் தங்கமீனைப் பையில் போட்டு எங்கள் எஸ்டேட் டவுனில் உள்ள அந்த மீன் கடைக்குக் கொண்டுபோனால், கேட்கிற ஒரே கேள்வி "தொட்டி எத்தன அடிண்ணே?" என்பதுதான். என்ன தீனி, கழிவு என்ன நிறம், தண்ணீர் மாற்றி எத்தனை நாள் என்ற பேச்சே கிடையாது. "வயிறு கட்டிக்கிச்சு. இதப் போடுங்க, மூணு நாள்ல சரியாயிடும் லா" என்று ஒரு மஞ்சள் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். 28 வெள்ளி (ரிங்கிட்). மறுபடி போனால் "அம்மோனியா மருந்து" 35 வெள்ளி. அதற்கும் அடுத்த முறை புது பஞ்சு, "நல்ல பாக்டீரியா" பாட்டில் என்று 49 வெள்ளி. ஆக 112 வெள்ளி, 25 வெள்ளிக்கு வாங்கிய ஒரு ரியூக்கின் ரகத் தங்கமீனுக்கு. மீனும் பிழைக்கவில்லை. இங்கே மீன் வளர்க்கிற பலரிடம் இதே வரிசையில் ரெசிட் இருப்பதால்தான் இந்தப் பதிவு. முதல் பாட்டில் செய்த கேட்டுக்குத்தான் இரண்டாவதும் மூன்றாவதும் விற்கப்படுகின்றன.

அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வேறு எதையோ அடைத்து விற்ற பிளாஸ்டிக் பாட்டில். பழைய லேபிளைச் சுரண்டிய பசை இன்னும் கையில் ஒட்டும். மேலே மார்க்கர் பேனாவால் "3 மூடி" என்று எழுதியிருக்கிறது. எத்தனை லிட்டருக்கு மூன்று மூடி, உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம், எப்போது காலாவதி, ஒன்றும் இல்லை. வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் பரவி, வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். பார்க்க அக்ரிஃப்ளாவின் சாயம் போலத்தான் இருக்கிறது. கடைகளில் உபாட் கூனிங் என்று விற்கும் மஞ்சள் மருந்துகளில் பலவும் இந்த மாதிரிச் சரக்குதான். மேல்தோல் புண்ணுக்கும் பூஞ்சைக்கும் அதற்கு உபயோகம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நன்னீர் மீன் தண்ணீரை வாயால் குடிப்பது மிகக் குறைவு. உடம்புக்கு வேண்டிய தண்ணீர் செவுள் வழியாகவே உள்ளே போய்விடும். குடலில் இருக்கும் கோளாறுக்குத் தொட்டியில் சாயம் கரைப்பது, வயிற்றுவலிக்குக் குளிக்கிற தண்ணீரில் மருந்து ஊற்றுவது போலத்தான்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. "ஃபில்டரக் கழட்டி குழாய்த் தண்ணில நல்லா அலசிடுங்க" என்று கூடவே ஒரு யோசனை சொல்வார்கள். அந்தப் பஞ்சில் குடியிருக்கும் நைட்ரிஃபையிங் பாக்டீரியாதான் மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதில் பாதியைக் கொல்லும், மீதியைச் சாயம் கவனித்துக்கொள்ளும். நீல மருந்தான மெத்திலீன் புளூவும் அப்படித்தான். சில நாளில் அம்மோனியா ஏறும். மீன் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்போது கடையில் "பாத்தீங்களா, நோய் முத்திடுச்சு" என்பார்கள்.

மருந்தைத் தொடுவதற்கு முன் தங்கமீனின் குடலைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இரைப்பை கிடையாது. தொண்டைப் பல்லால் அரைத்த தீனி நேராக நீண்ட குடலுக்குள் போகிறது. சேர்த்து வைக்க இடமில்லாததால் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் பாதி செரிக்காமலே வெளியே வரும், அல்லது அடைத்துக்கொள்ளும். மீன் மிதக்க உதவும் காற்றுப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. மிதக்கும் தீனியைக் கவ்வும்போது விழுங்கும் காற்று குடலுக்கும் போகும், காற்றுப்பைக்கும் போகும். ரியூக்கின், ஒராண்டா, ராஞ்சு, பேர்ல்ஸ்கேல் போன்ற குட்டை உடம்பு ரகங்களில் குடலும் காற்றுப்பையும் நெருக்கிக்கொண்டு கிடப்பதால், குடல் உப்பினால் உடனே மீன் சாய்ந்துவிடும். நீள உடம்பு காமெட் இப்படி அவதிப்படுவது அபூர்வம்.

மிதக்கிற மீனெல்லாம் வயிறு கட்டிய மீன் இல்லை. இந்த இடத்தில்தான் அந்தக் கடை ஏமாற்றுகிறது, அல்லது உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியவில்லை. எது என்றாலும் காசு போவது நமக்குத்தான். மீனை மேலிருந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக உப்பி, செதில் படிந்து, தீனியைக் கண்டதும் ஓடிவந்தால் பெரும்பாலும் மலச்சிக்கல். கழிவு தடித்து, நடுநடுவே காற்றுக்குமிழோடு, அறுந்து விழாமல் வாலுக்குப் பின்னால் நீளமாகத் தொங்கும். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் முட்டையோ கட்டியோ இருக்கலாம். செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் கண்ட ஆண் மீன் அதே தொட்டியில் துரத்திக்கொண்டிருந்தால் முட்டை என்றே முதலில் நினையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது செதில் எல்லாம் சிலிர்த்து நின்றால் அது டிராப்ஸி. சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் உடம்பில் நீர் கோத்த நிலை. இதை மலச்சிக்கல் என்று சொல்லி மருந்து விற்பது பெரிய அநியாயம், ஏனென்றால் அந்த மீனுக்கு அவகாசம் குறைவு.

கழிவின் நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. பட்டினி போட்ட மீன் வெள்ளையாக, நூல் மாதிரி கழிக்கும். குடலின் சளிதான், பயமில்லை. நன்றாகத் தின்றுகொண்டே தொடர்ந்து வெள்ளை நூல் விட்டு, முதுகு கத்தி போல் மெலிந்து வயிறு ஒட்டினால் அது வேறு விஷயம். குடலில் ஹெக்சாமிட்டா வகை ஒட்டுண்ணியோ புழுவோ இருக்கலாம். புதிதாக விழுந்த கழிவை உடனே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். முன்னதற்கு மெட்ரோனிடசோல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். இரண்டையும் தீனியில் கலந்து கொடுப்பதே குடலுக்குப் போய்ச் சேரும் வழி. அளவை மீனின் எடை பார்த்து வெட் (கால்நடை மருத்துவர்) சொல்ல வேண்டும். கடைக்காரர் குத்துமதிப்பாகச் சொல்லக்கூடாது.

எதற்கும் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். காகிதப் பட்டை வேண்டாம், சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருக்க வேண்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சையும் சேர்த்துப் பாருங்கள். 28 டிகிரி தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.7 சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும், பிஎச் 8 என்றால் சுமார் 6.5 சதவீதம். அம்மோனியா இருக்கும்போது பிஎச்சை ஏற்றப் பவளக்கல்லைக் கொட்டாதீர்கள் என்பது இதனால்தான். லயத்து வீடுகளில் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுகிறவர்களுக்கு எதிர்மாறான தொல்லை. மழைத்தண்ணீரில் கார்பனேட் இல்லாததால் பிஎச் திடீரென்று சரியும். குழாய்த் தண்ணீரோடு கலந்து பயன்படுத்துங்கள், அண்டி குளோரின் போட்டுத்தான்.

தண்ணீர் சரியாக இருந்து, அறிகுறியும் மலச்சிக்கல்தான் என்றால், வைத்தியத்துக்குப் பத்து வெள்ளிகூட ஆகாது.

மீனை 40 லிட்டர் தண்ணீர் ஊற்றிய அகலமான தோங்கில் (பிளாஸ்டிக் தொட்டியில்) தனியாக விடுங்கள். தண்ணீர் ஒரு சாண் உயரம் போதும், மேலும் கீழும் போராடிக் களைக்காது. ஏர் ஸ்டோன் கட்டாயம். நம் ஊர்ச் சூட்டில் 30 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும், 20 டிகிரி என்றால் 9 மில்லிகிராமுக்கு மேல். முதல் 48 மணி நேரம் தீனி கிடையாது. நல்ல உடம்போடு இருக்கும் தங்கமீன் ஒரு வாரம்கூடத் தாங்கும், பாவம் பார்த்து ஒரு உருண்டை போட்டுவிடாதீர்கள்.

பேதி உப்பு எல்லா ஃபார்மசியிலும் கிடைக்கும், மலாயில் கராம் இங்கிரிஸ் என்று கேளுங்கள். மெக்னீசியம் சல்ஃபேட் என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும். வாசனையும் நிறமும் சேர்த்த குளியல் உப்பு ஆகாது. 40 லிட்டருக்கு 15 கிராம். கரண்டியை நம்பாமல் சமையல் தராசில் நிறுங்கள், பொடிக்கும் கல்லுக்கும் அளவு மாறும். ஒரு ஜக்கில் தனியாகக் கரைத்து, மூன்று பங்காக்கி, ஒரு மணி நேர இடைவெளியில் ஊற்றுங்கள். உடம்புக்குள் தண்ணீர் ஊறுவதை இது குறைக்கும், வீக்கம் தணியும். தினமும் பாதித் தண்ணீர் மாற்றும்போது மாற்றிய 20 லிட்டருக்கு மட்டும் 7.5 கிராம் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குச் சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாகாது. முழு அளவையும் தினம் போட்டு மீனைக் கொன்றவர்கள் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் தீனி. பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து நசுக்கிக் கொடுக்கலாம், ஒரு மீனுக்கு ஒரு பட்டாணி. எல்லோரும் பட்டாணியைச் சர்வரோக நிவாரணியாக்கிவிட்டார்கள். பட்டாணியைவிட, மலாயில் கூத்து ஆயர் என்னும் டாஃப்னியா நல்லது. அந்த நீர்ப்பூச்சியின் ஓடு செரிக்காமல் குடலைத் தள்ளிக்கொண்டு வரும். சாச்சிங் சூத்ரா கொடுக்காதீர்கள், சாக்கடையில் வளர்ந்த புழுவோடு கிருமியும் வரும். இன்னும் கழியவில்லை என்றால் 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் பேதி உப்பைக் கரைத்து, அதில் நனைத்த மூழ்கும் உருண்டை இரண்டு மூன்று கொடுங்கள். இங்கே மருந்து நேராகக் குடலுக்கே போகிறது.

நான்கைந்து நாளில் கழிவு குட்டையாக, தீனி நிறத்தில், அடியில் போய் விழ ஆரம்பிக்கும். கழிவு சரியாகியும் மீன் சாய்ந்தே மிதந்தால் கோளாறு காற்றுப்பையில். எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பட்டினியை நீட்டிப் பயனில்லை.

நோய்க்குக் காரணமும் அதே கடையிலிருந்துதான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய சாக்கிலிருந்து அள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டி, "ஸ்பெஷல் தங்கமீன் தீனி" என்று விற்கிறார்கள். தேதி கிடையாது. நம் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தீனியின் கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும், வைட்டமின் சி போய்விடும், பூஞ்சை வரும். முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் நாற்றம் அடித்தால் தூக்கிப் போடுங்கள். சீல் உடைக்காத சின்னப் பாக்கெட்டில் மூழ்கும் தீனி வாங்குங்கள். 60 கிராம் மீனுக்கு நாளைக்கு ஒரு கிராமுக்குள், இரண்டு வேளையாக.

இன்னும் சில "வைத்தியங்கள்" அங்கே ஓடுகின்றன. கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை தண்ணீரைப் பழுப்பாக்கும், பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும், குடலுக்கு ஒன்றும் செய்யாது. ஹீட்டர் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள், நம் தண்ணீர் ஏற்கெனவே தங்கமீனுக்குச் சூடு அதிகம். மனிதர் சாப்பிடும் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவது வீண். பேதி உப்பின் மெக்னீசியமே அதைக் கட்டிப்போட்டுவிடும். ஊசியால் வயிற்றைக் குத்திக் காற்றெடுத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினால் மீனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே பார்க்காமல் குத்துவது குடலிலும் பாயும்.

செதில் சிலிர்த்தாலும், மெலிந்துகொண்டே போனாலும் வெட்டிடம் போவதுதான் வழி. நாய் பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள் அதிகம், போன் போட்டு மீன் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். செர்டாங்கில் யுபிஎம் பல்கலைக்கழக வெட்டரினரி மருத்துவமனை இருக்கிறது. பினாங்கு பத்து மாவுங்கில் மீன்வளத் துறையின் மீன் சுகாதார ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

காசைத் திரும்பக் கேட்க விரும்புகிறவர்கள் கடையில் சத்தம் போட்டுப் பயனில்லை. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1 நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை, மூன்று வருடத்துக்குள் கோரலாம். ரெசிட்டோடு பாட்டிலையும் மிச்ச மருந்தோடு வைத்திருங்கள், அந்த "3 மூடி" எழுத்து அழியாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அம்மோனியா அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். ரெசிட் தர மறுத்தால் அங்கேயே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபார்மசிப் பக்கம் நடையைக் கட்டுங்கள்.