குன்னூரில் ஒரு மனநல கிளினிக்: நான்கு மாத அனுபவம்

கடந்த நான்கு மாதங்களாக என் தாயாரைக் குன்னூரில் உள்ள ஒரு மனநல கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று வருகிறேன். சிறிய ஊர் என்பதால் பெயரைச் சொன்னால் அம்மாவை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆகவே பெயரைத் தவிர்த்து, அங்கே கிடைத்த சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மா கோத்தகிரிப் பக்கம் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மனது சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அசதி, கை கால் குடைச்சல், நெஞ்சில் பாரம், விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும் தூக்கம் என்று உடம்பைப் பற்றித்தான் சொல்வார். முன்பு வேறோர் இடத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மன அழுத்தம்தான்" என்று கூறித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேலைப் பளுவால் வரும் நெருக்கடியையும், சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோயையும் இந்த ஒரே சொல்லால் குறிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் குழப்பத்திற்கு எங்கள் குடும்பம் எட்டு மாதங்களைக் கொடுத்தது.

இந்த கிளினிக்கில் முதல் சந்திப்பே ஒரு மணி நேரத்தை நெருங்கியது. உளவியல் ஆலோசகர் முதலில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை வாசித்து, கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியை அவர் தயங்காமல், ஆனால் குரலைத் தாழ்த்திக் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் படிவத்தை மட்டும் வைத்து அவர்கள் முடிவு கட்டவில்லை. தைராய்டு சுரப்புக் குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு மருத்துவர், எப்போதாவது தூக்கமே இல்லாமல் மிகுந்த உற்சாகத்தோடும் ஓயாத பேச்சோடும் கட்டுக்கடங்காத செலவோடும் சில நாட்கள் கழிந்ததுண்டா என்று அம்மாவிடமும் என்னிடமும் தனித்தனியாகக் கேட்டார். அப்படிப்பட்ட நாட்கள் இருந்திருந்தால் அது மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயின் தாழ்நிலையாக இருக்கலாம் என்றும், அதற்கு வழக்கமான மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுமுனைக்குத் தள்ளிவிடக்கூடும் என்றும் விளக்கினார். நோய்க்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஏன் இத்தனை கவனம் என்று அதுவரை எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அம்மாவுக்கு இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மெல்லிய அளவில் விடாமல் நீடிப்பது நாட்பட்ட மனச்சோர்வு. வேலைக்கும் போவார்கள், சமைப்பார்கள், ஆனால் எதிலும் ருசி இருக்காது. அதன் மேல், குறைந்தது இரண்டு வாரங்களாவது அன்றாட வாழ்வையே முடக்கும் தீவிர மனச்சோர்வும் வந்து ஏறியிருக்கிறது. "அவங்க சுபாவமே அப்படி" என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டது முதலாவதைத்தான்.

மலைவாசிகள் எல்லோருக்கும் இருக்கும் ஐயத்தை நானும் கேட்டேன்: ஆடி மாத மழையும் பனிமூட்டமும்தான் காரணமா? பருவகால மனச்சோர்வு என்று ஒரு வகை இருக்கிறது என்றார். ஆனால் அது குளிர்காலப் பகல் மிகவும் சுருங்கிவிடும் வட நாடுகளில்தான் அதிகம். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் மேல் வேறுபாடு. நீலகிரியிலோ ஒன்றேகால் மணி நேரம் அளவுதான். மழை பெய்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பது இருக்கும் நோயைக் கூட்டலாம், ஆனால் பனியின் மீது பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதே அவர் பதில்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் அறைக்கும் ஆலோசனை அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். உள்ளே அழுபவரின் குரல் வெளியே கேட்கிறது. இந்தச் சேவைக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. கொடுக்கும் தமிழ்க் கையேடு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தது போல இருக்கிறது. பிரசவத்திற்குப் பின் முதல் இரு வாரங்களில் வந்து தானே போய்விடும் அழுகைக்கும், அதைத் தாண்டியும் நீடிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அதில் படித்துப் புரிந்துகொள்ள எனக்கே மூன்று முறை தேவைப்பட்டது. கைக்குழந்தையோடு வரும் பெண் அதை எப்படிப் படிப்பார்? மருத்துவர் சனிக்கிழமை மட்டுமே வருகிறார் என்பதால் கூடலூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும்.

மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், முதல் பத்து நாட்கள் மாற்றம் தெரியாதபோதும் நாங்கள் நிறுத்தவில்லை. குணமானதாகத் தோன்றினாலும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டுமாம். மற்ற நாட்களில் அவசரம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை அழைக்கச் சொன்னார்கள். இரவு பகலாக இயங்கும் அரசின் தொலைபேசி மனநலச் சேவை, தமிழிலும் பேசுகிறார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்தப் பலகைத் தடுப்புக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். செல்பவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் உடனிருக்கும் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குள் டோக்கன் வாங்கிவிட்டால் மதியப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.