பேவர் பிளாக் போடுகிறீர்களா? தரையின் வாட்டத்தை (சரிவை) பார்க்காமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டைச் சுற்றிப் பேவர் பிளாக் போடக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், களிமண் பூமி. பக்கவாட்டுச் சந்து மழைக்குச் சேறாகிறது என்று ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்தோம். தண்ணீர் சுவரோரம் நிற்கக் கூடாது, வெளியே வடிய வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினேன். "அதெல்லாம் நம்ம பொறுப்பு சார்" என்றார்.

அவருடைய ஆட்கள் மட்டம் பார்க்க நூல் கட்டவில்லை, டியூப் மட்டமும் பிடிக்கவில்லை. எங்கேயோ இடித்த வீட்டின் ராபிஷைக் கொண்டுவந்து கொட்டி, திமிசால் இடித்து இறுக்காமலே மேலே எம்-சாண்ட் பரப்பிக் கல்லை அடுக்கிவிட்டுப் போனார்கள். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு உயர்ந்திருக்கிறது. அதற்குச் சமமாகக் கேட் பக்கம் மேடாக்கிவிட்டார்கள். சுவரோரம் போட்ட நிரப்பு அமுங்கி இறங்கியது. மொத்தத் தண்ணீரும் வீட்டைப் பார்த்து ஓடுகிறது.

ஐப்பசி மழையில் ஹாலின் உள்சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உப்பு பூத்தது. மர அலமாரியின் அடிப்பலகை ஊதிப்போனது. 2015 வெள்ளத்தில்கூட இந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆளைக் கூப்பிட்டால், "சுவர் ஓதம் இழுக்குது, கெமிக்கல் கோட்டிங் அடிச்சா சரியாப் போயிடும்" என்று அதற்கும் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கினார். எனக்கு ஆத்திரமே இதில்தான். தான் செய்த வேலையின் கோளாறையே காட்டி இரண்டாவது வியாபாரம்! அடுத்த மழையில் கோட்டிங்கும் சேர்ந்து உரிந்தது. வெளியே தண்ணீர் தேங்கும்வரை உள்பக்கம் எதைப் பூசினாலும் நிற்காது. அதோடு, தரை ஓதம் மேலே ஏறாமல் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேல் போடும் டிபிசி மட்டத்தையே இவர்கள் ராபிஷால் மூடிவிட்டார்கள். அதற்கு மேலே ஈரம் நேராகச் சுவருக்குள் போகிறது.

பிறகு வந்த வயதான கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நேராகச் சுவருக்குப் போனது. கல்லையெல்லாம் பெயர்த்து, ராபிஷை அள்ளி, வெளித்தரையை டிபிசிக்கு அரை அடி கீழே இறக்கினார். கிராவல் நிரப்பித் திமிசு போட்டு, சுவரிலிருந்து காம்பவுண்டை நோக்கி ஐம்பதுக்கு ஒன்று வாட்டம் வைத்தார். அதாவது மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலம் இறக்கம். வெறும் மண்தரையாக விடுவதானால் இது போதாது, பத்தடிக்கு அரை அடியாவது இறங்க வேண்டும். காம்பவுண்டு ஓரம் ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து, மாடித் தண்ணீர்க் குழாயையும் சேர்த்து மழைநீர்த் தொட்டிக்கு விட்டார். தெரு மேடாக இருப்பதால் எங்களுக்கு அதுதான் வழி.

முதல் ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. பக்கத்து நகர்களில் வேலை பிடிக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். யாரிடம் கொடுத்தாலும் சரி, வாட்ட அளவையும் டிபிசி மட்டத்தையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். கல் அடுக்கும் முன் நூல் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்கள் முன்னாலேயே பாருங்கள்.