ஸ்பிரிங் ரோலுக்குக் காரமில்லாத சாஸ்: நாலு வருடம் தொட்டுப் பார்த்ததில் கண்டது

எங்கள் வீட்டில் ஸ்பிரிங் ரோல் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம். 2021 கடைசியில் மதுரை தல்லாகுளத்துப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் வாங்கி வந்த பொட்டலத்தில் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. ரோல் அருமையாக இருந்தது. கூடவே சின்ன பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் சுற்றிச் செஷ்வான் சட்னி கொடுத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. ரோலின் நுனியை அதில் தொட்டு வாயில் வைத்ததுதான் தாமதம், வீடே அதிர அழுதாள். பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன், அழுகை கூடியது. மிளகாயில் எரிகிற கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். அம்மாதான் கிண்ணத்தில் தயிரை எடுத்து வந்து இரண்டு கரண்டி ஊட்டினார். பாலிலும் தயிரிலும் இருக்கும் கேசின் என்ற புரதம் அந்த எரிச்சலைப் பிடித்துக் கழுவிக்கொண்டு போகும் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா எதையும் படிக்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு அம்மாவும் அந்தச் சட்னியைத் தொடவில்லை. அந்த வருடம்தான் அவருக்கு வாய்க்குள் தோல் வெந்தது போல ஆகிவிடும் தொல்லை வந்திருந்தது. ஆயுசு முழுக்கக் கறிதோசையும் சுக்காவும் காரச் சட்னியுமாகச் சாப்பிட்ட மனுஷி. இப்போது துளி மிளகாய் பட்டாலும் கண் கலங்கிவிடுகிறது. “நீங்க தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க தாயி, நான் வெறுமனே தின்னுக்கிறேன்” என்றார். ஒரு கையில் வெறும் ரோலும் மறு கையில் தண்ணீர் டம்ளருமாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே சாஸ் தேடக் கிளம்பிவிட்டேன்.

முதலில் தக்காளி கெச்சப். காரம் இல்லை, மகளுக்குப் பிடித்தது, ஆனால் ரோலுக்கு அது சேரவில்லை. ஸ்பிரிங் ரோலின் மேல்தோல் மெல்லிசு. கெச்சப் அதன் மேல் கனமாக உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கும் கோஸ், கேரட் வாசனையை மூடிவிடுகிறது. சமோசாவுக்கு இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தேன்.

அப்புறம் ஸ்வீட் சில்லி சாஸ். தாய்லாந்தில் இதற்கு நாம் சிம் காய் என்று பெயர், கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸ் என்று அர்த்தம். நான்கு கம்பெனிகளின் பாட்டில்களை மாற்றி மாற்றி வாங்கினேன். முகப்பில் ‘மைல்ட்’ என்று போட்டிருந்த ஒன்று மகளுக்குச் சரியாக இருந்தது, அம்மாவுக்கு எரிந்தது. இன்னொன்றில் காரம் பேருக்குக்கூட இல்லை, ஆனால் குலாப் ஜாமூன் ஜீரா போல இனிப்பு. இரண்டாவது ரோலிலேயே திகட்டி, மீதி ரோல் தட்டில் ஆறிப்போனது. ‘மைல்ட்’ என்ற சொல்லுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. மிளகாய்க் காரத்தை அளக்க 1912-லேயே ஸ்கோவில் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்தார், அந்த அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது; ஆனால் நான் வாங்கிய எந்த பாட்டிலிலும் அதைப் போடவில்லை. ஒரு கம்பெனியின் மைல்ட் இன்னொரு கம்பெனியின் நடுத்தரக் காரம்.

அதனால் முகப்பை விட்டுவிட்டு பாட்டிலின் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தேன். சேர்மானங்களை எது அதிகமோ அந்த வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். முதலில் சர்க்கரை, அடுத்தது தண்ணீர், வெகு தூரம் தள்ளி மிளகாய் என்று இருந்தால் காரத்துக்குப் பயமில்லை, ஆனால் திகட்டும். 260 என்ற எண் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. 415, 1422 இரண்டும் சாஸைக் கெட்டியாக நிற்க வைப்பவை. இந்த நாலு விஷயம் தெரிந்தால் பாட்டிலைத் திறக்காமலே நாக்கில் எப்படி இருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம்.

திகட்டுகிற அந்த பாட்டிலை வீணாக்க மனமில்லாமல், ஒரு நாள் கிண்ணத்தில் இரண்டு கரண்டி எடுத்து அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினேன். அதே சாஸ்தானா என்று இருந்தது. எண்ணெயில் பொரித்த பண்டத்துக்குப் பக்கத்தில் வேண்டியது புளிப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. காரம் போன இடத்தில் இனிப்பைக் கொட்டுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. ரோல் பிறந்து வளர்ந்த ஊர்களைப் பாருங்கள். ஷாங்காயில் ஸ்பிரிங் ரோலுக்கு வினிகரைத்தான் பக்கத்தில் வைக்கிறார்கள். வியட்நாமின் நுவொக் சம் என்பது மீன் சாறு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர் சேர்ந்த தண்ணியான சாஸ். பிலிப்பைன்ஸில் லும்பியா என்ற ரோலுக்குப் பூண்டு போட்ட வினிகர். எங்கேயும் புளிப்புதான் முதல் ஆள். காரம் வேண்டுமானால் சேர்ந்துகொள்ளும். செஷ்வான் சட்னி நம் நாட்டில் பிறந்த இந்தோ-சீனச் சமையலின் பிள்ளை. அது இல்லாமலே ரோல் முழுமையாக இருக்கும்.

வீட்டிலேயே செய்யலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது அம்மா. 2022 சித்திரை. இரண்டு வருடம் கழித்து ஜனங்களோடு ஜனங்களாக அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். சமைக்கத் தெம்பில்லை, ஃப்ரிட்ஜில் இருந்த ரோலைப் பொரித்தேன். சாஸ் பாட்டில் காலி. வருடப் பிறப்புக்குச் செய்த மாங்காய்ப் பச்சடி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அம்மா அதை எடுத்து, மசித்து, வெந்நீர் விட்டு, ரோலைத் தொட்டு ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இம்புட்டு நாளா பாட்டில் பாட்டிலா வாங்குனியே, இது பத்தாதா?” என்று கேட்டார். பத்தும். மாங்காய்ப் புளிப்பு, வெல்லம், கொஞ்சம் உப்பு. அன்றைக்கு அம்மா மூன்று ரோல் சாப்பிட்டார்.

மாங்காய் வருடம் முழுக்கக் கிடைக்காதே. அதனால் புளியும் கருப்பட்டியும் எங்கள் வீட்டு நிரந்தர சாஸ் ஆயின. அதன் பக்குவம் கைவர எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. எலுமிச்சை அளவு புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டுகிறேன். கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். முதல் முறை அப்படியே போட்டுவிட்டு, ரோலைக் கடிக்கும்போது பல்லில் மண் நறநறவென்றது. இரண்டையும் சேர்த்து, அரைக் கரண்டி உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை போட்டு அடுப்பில் வைத்தால், முதலில் பெரிய பெரிய குமிழ் வந்து பச்சைப் புளி வாசனை அடிக்கும். குமிழ் சிறுத்து, பளபளப்பு ஏறி, வாசனை மாறும்போது ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரே நிமிடம் கிளறி இறக்கிவிட வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும் பதம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. மாவு சேர்த்தபின் நெடுநேரம் கொதிக்கவிட்டால் புளியின் அமிலம் மாவின் பிடிப்பை உடைத்து சாஸ் நீர்த்துப்போகும். இது தெரியாமல் மாவை மேலும் மேலும் போட்டுக் கஞ்சியாக்கிய நாட்கள் உண்டு.

புளியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி வெளுப்பாக இருக்கும், சாஸ் பார்க்கத் தேன் நிறத்தில் வரும். வருடம் கடந்த பழம்புளி கறுத்து, சாஸும் கறுப்பாகிவிடும், மகள் “இது சாஸா, வத்தக்குழம்பா?” என்று கேட்கிறாள். கீழமாசி வீதி மளிகைக் கடை அண்ணாச்சியிடம் “நத்தம் புளி, புதுசா இருந்தா மட்டும் குடுங்க அண்ணாச்சி” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மகள் வளர வளர அவளுக்குச் சிவப்பு நிறமும் துளி காரமும் வேண்டியிருந்தது. அதற்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உருண்டை மிளகாய் அது. தோல் தடிப்பு, நிறம் நன்றாக ஏறும். விதையில்தான் காரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான் கேப்சைசின் இருக்கிறது. மூன்று மிளகாயைக் கிள்ளி, விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் ஊறியபின் அந்த நரம்பைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, நாலு பல் பூண்டோடு அரைக்கிறேன். சர்க்கரை, உப்பு, தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்து, கார்ன்ஃப்ளோர் கரைசலை விட்டு, இறக்கியபின் வினிகர். பூண்டு நன்றாக வேக வேண்டும். பச்சைப் பூண்டும் நாக்கைச் சுடும். கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் இரண்டு பல்லே போதும்.

புளிப்பைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அம்மாவுக்கு வாய் ரொம்ப வெந்திருக்கும் நாட்களில் புளியும் வினிகரும்கூட எரியும். அந்த நாட்களுக்கு நிலக்கடலை சாஸ். வியட்நாமில் பொரிக்காத ரோலுக்குக் கடலை சாஸ் வைப்பதைப் படித்துவிட்டு நம் கைக்கு மாற்றிக்கொண்டது. வறுத்துத் தோல் ஊதிய கடலை ஒரு கைப்பிடி, முதல் தேங்காய்ப்பால் அரை டம்ளர், நகம் அளவு கருப்பட்டி, உப்பு. விழுதாக அரைத்து, இளஞ்சூட்டில் காட்டி எடுக்க வேண்டும், கொதித்தால் பால் திரிந்துவிடும். மிருதுவாக, வாயில் பட்டு விரித்த மாதிரி இருக்கும். அம்மா இதைக் கரண்டியால் எடுத்தும் சாப்பிடுவார். விருந்தாளி வந்தால் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

மயோனைஸையும் முயன்றேன். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. அதற்கு முன்பே வீட்டுக்குள் முட்டையில்லாததைத்தான் விட்டேன். எண்ணெய்ப் பண்டத்துக்கு மேல் இன்னொரு எண்ணெய், அவ்வளவுதான். கெட்டித் தயிரில் புதினாவும் உப்பும் அடித்துத் தொட்டுக்கொள்வது அதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாக விளங்கியது. சாஸில் துளி காரம் இல்லாதபோதும் அம்மா சில வாரம் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். பூரணத்தில் நான் தாராளமாகப் போட்ட வெள்ளை மிளகுதான் காரணம். மிளகின் எரிப்பு வேறு ஜாதி, ஆனால் வெந்த வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். உறைந்த ரோலைக் கடையில் வாங்குகிறவர்கள் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள், உப்பு மட்டும்தான் உள்ளே.

சேமித்து வைப்பதில் என் அனுபவம் இது. வினிகர் போட்டது ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் தாங்குகிறது, புளி சாஸ் பத்து நாள், கடலை சாஸ் அன்றன்றைக்கே. கார்ன்ஃப்ளோர் போட்டதெல்லாம் நாலைந்து நாளில் ஓரத்தில் தண்ணீர் விடும். கெட்டுப்போகவில்லை, சூடாக்கிக் கிளறினால் சேர்ந்துகொள்ளும். கடித்த ரோலை மறுபடி கிண்ணத்தில் முக்கினால் எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவைக் கரைத்து, சாஸ் கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும். அதனால் பாட்டிலில் இருந்து ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறேன். மிச்சத்தைத் திரும்ப பாட்டிலில் விடுவதில்லை.

கடை பாட்டிலை அடியோடு விட்டுவிடவில்லை. ஊருக்குப் போகும்போதும் அவசரத்துக்கும் ஒன்று இருக்கிறது, எலுமிச்சம்பழத்தோடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் அது வருவதில்லை. அம்மாவுக்குப் புளி சாஸ் அல்லது கடலை சாஸ், அன்றைக்கு அவர் வாய் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு.

மகளுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் நான் மிளகாய் சுரண்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, ஒன்றை மட்டும் நரம்போடு போடச் சொன்னாள். “அம்மாச்சி கிண்ணத்துல கலந்துடாதம்மா” என்றும் சொன்னாள். அவளுக்கென்று மூடி போட்ட குட்டி பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.